வாயை மூடிக்கொண்ட விசில்காரர்

கட்டட வேலையில் இருந்தவர்கள் அவரை விசில்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கிரேன் தூக்கும் சுமைக்கு வழி காட்டுவது அவர் வேலை. கைச்சைகை மேலே கூண்டில் இருக்கும் ஓட்டுநருக்கு. விசில் கீழே நடமாடுகிறவர்களுக்கு. இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் விசில் நாள் முழுக்க முன்பற்களுக்கு நடுவிலேயே இருக்கும்.

அந்தப் பற்கள்தான் இப்போது ஆடின.

இரண்டு வருஷத்துக்கு முன் பல் தேய்க்கையில் ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று விட்டுவிட்டார். பிறகு ஈறு வீங்கியது, சீழ் வைத்தது, வாய் நாறத் தொடங்கியது. எல்லோரோடும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டீயில் ரொட்டியை ஊறவைத்து விழுங்கினார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. சொன்னால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

வீட்டில் கதையே மாறிப்போனது. பேசினால் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்; படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? எம்மேல என்னங்க கோவம்?" என்று மனைவி கேட்டாள். உதிரப் போவது முத்தில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வேறு யாரோ இருக்கிறாள் என்று அவள் முடிவுகட்டினாள்.

அன்று காலை காற்று பலமாக இருந்தது. இரவெல்லாம் ஈறு விண்விண்ணென்று தெறித்ததில் அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. ஒரு கட்டு இரும்புக் கம்பி ஐந்தாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது காற்றில் சுழன்று, ஒரு பக்கக் கயிறு நழுவியது. அதே நேரம் தோளில் நீளப் பலகையோடு இரண்டு பேர் பேசிக்கொண்டே கம்பிக்கு நேர் அடியில் வந்தார்கள்.

அவர் இரண்டு கையையும் தூக்கி "நிறுத்து" என்று காட்டினார். விசிலை இறுகக் கடித்தார். தாடைக்குள் தீ பாய்ந்ததுபோல ஒரு வலி. கீழ்ப்பல் ஒன்று சாய்ந்தது. வாய் தானாகத் திறந்துகொள்ள, விசில் நழுவிக் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. கையை இறக்கி அதை எடுத்தால் மேலே இருப்பவர் குழம்பிவிடுவார். கத்திப் பார்த்தார். கலவை இயந்திரத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

தூக்கிய கையோடு அவர்களைப் பார்த்து ஓடினார். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. அந்தக் கோலத்தைக் கண்ட இருவரும் பலகையைப் போட்டுவிட்டு எடுத்தார்கள் ஓட்டம். மறுநொடி ஒரு கம்பி உருவிக்கொண்டு வந்து அவர்கள் நின்ற மண்ணில் குத்தி நின்றது.

கம்பிக் கட்டை ஒருவழியாக இறக்கி வைத்துவிட்டு ஓட்டுநர் கீழே வந்தார். "எத்தனை நாளாண்ணே?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா இத்தனை பேர் உசுரும் உங்க ஆட்டம் கண்ட பல்லுலயா தொங்கிச்சு?"

அவர் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஓட்டுநர்தான் மனைவிக்குப் போன் செய்து, இருவரையும் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "ஈறு மட்டும் இல்லைங்க. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சிருக்கு. சர்க்கரையும் இருக்கு, அதையும் அடக்கணும். இந்த வாயோட எப்படிச் சாப்பிட்டீங்க, எப்படிப் பேசுனீங்க?"

"எங்க பேசினார்?" என்றாள் மனைவி. சட்டென்று விஷயம் உறைக்க, அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "இதுக்கா சுவத்தைப் பார்த்துப் படுத்தீங்க? நான் என்னென்னவோ நினைச்சுச் செத்துக்கிட்டு இருந்தேன்!" அடித்த கையை எடுக்காமலே அழுதாள்.

நான்கு பற்களை எடுத்தார்கள். மீதியை ஈறுக்கடியில் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் போய்வந்தார். சீழும் நாற்றமும் அடங்கின. விசில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வாசலில் லாரிகளை உள்ளே விடும் வேலைக்கு மாற்றினார்கள். அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மதியம் ஓட்டுநரோடு உட்கார்ந்து, ஒரு பக்கமாக மென்று, நிதானமாகச் சாப்பிடுகிறார். மீதிப் பற்களில் இரண்டு நிற்குமா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.