நாலரை அடிப் பம்பரமும் என் பனியன் கயிறும்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் இந்த இரண்டு கைகள் கட்டியதைக் கேளுங்கள்.

மாட்டுக் கொட்டகையில் இரண்டு பழைய நிட்டிங் மெஷினைப் போட்டு ஒரு பனியன் கம்பெனி. தண்ணீர் வரவே வராது என்று மூன்று பேர் உதட்டைப் பிதுக்கிய இடத்தில் ஒரு கிணறு, இன்றுவரை வற்றவில்லை. "இது நிக்காதுங்க" என்று என்ஜினியர் சொன்ன வளைவில் ஒரு மாடிப்படி. அந்த என்ஜினியரே என் வீட்டுக்கு வந்தால் அதில்தான் ஏறுகிறார்! இங்கிலீஷ் தெரியாமல் எக்ஸ்போர்ட் ஆர்டர். தமிழிலேயே தட்டுத் தடுமாறி இந்தப் பத்தி...

இந்த வரிசையில் பொங்கலுக்குப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பம்பரம்.

சிரிக்காதீர்கள். நாலரை அடி உயரம். நகர்த்தவே எட்டு ஆள் வேண்டும்.

எங்கள் பகுதி பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்துகிறோம். உறியடி, கோலம், லெமன் ஸ்பூன். விழாக் கமிட்டிக் கூட்டத்தில் யாரோ, "இந்த வருசமும் அதே லெமன் ஸ்பூனுங்களா?" என்று சலித்துக்கொண்டார்கள். நான் கமிட்டித் தலைவர். மைக் என் கையில் இருந்தது. மைக் கைக்கு வந்துவிட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை.

"இந்த வருசம் நாலரை அடியில பம்பரம் உடறோமுங்க! கயிறுகூட நம்ம பக்கத்துத் துணிதான். ஒரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் நிக்காம சுத்தும்!"

கைதட்டல். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செயலாளர் ஒருவர் இருக்கிறாரே... நல்ல மனிதர், எதையும் நோட்டில் எழுதிவிடுகிற வியாதி மட்டும் உண்டு.

"சுத்தாட்டி என்ன பண்றதுங்க?"

"சுத்தாட்டி நான் இனிமே இந்த மேடையில கால் வெக்க மாட்டேன்."

எழுதிக்கொண்டார்.

மேடை நாற்காலிதானே என்று நீங்கள் நினைக்கலாம். வகுப்பில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கு, மேடையில் முதல் நாற்காலி என்பது சும்மா இல்லை சார்.

வேலையை ஆரம்பித்தேன். சேவூர் பக்கம் காற்றில் சாய்ந்த ஒரு வாகை மரம் கிடைத்தது. மெஷின் ரோலர் கடைகிற பெரிய லேத்தில் கொடுத்து உருட்டி எடுத்தோம். ஆணிக்கு எங்கே போவது? பழைய ஹைட்ரோ ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. சாயத் துணியைச் சுழற்றிப் பிழிகிற மெஷின் அது. அதன் ஷாஃப்டைக் கழற்றி, பம்பரத்தின் நடுவில் தலை முதல் அடி வரை இறக்கினேன்.

பேலன்ஸ் எப்படி என்று கேட்பீர்கள். ஹைட்ரோவில் துணியை ஒரு பக்கமாகப் போட்டால் மெஷின் எழுந்து நடக்கும்! அதோடு எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருப்பேன்? பம்பரத்தை இரண்டு தண்டவாளத் துண்டுகள் மேல் படுக்கவைத்து உருட்டிவிட்டேன். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே சாக்பீஸ் கோடு. அங்கே உளி. நாலு நாள் இதே வேலை. கடைசியில் எப்படி உருட்டினாலும் உருட்டின இடத்தில் நின்றது. எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள் இதை?

கயிறு? அது என் தனிப் பெருமை. எங்கள் கம்பெனி கட்டிங் வேஸ்ட், சுத்தமான காட்டன். நானே கிழித்து, நானே பின்னி, கைத்தடி கனத்துக்கு ஒரு கயிறு செய்தேன்.

எங்கள் ஃபிட்டர் சேசுராஜ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னோடு இருபது வருஷமாக இருப்பவர். கயிற்றை ஒரு இழு இழுத்தார், விட்டார்.

"அண்ணாச்சி... இது சரியா வருமா?"

"வேலையப் பாருங்க சேசு."

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு காலை, கம்பெனி வாசலில் டெஸ்ட். பம்பரத்தைச் சுற்றி மணல் மூட்டை. தலை சாயாமல் பிடிக்க ஒரு இரும்பு ஃபிரேம், சுற்ற ஆரம்பித்ததும் அதைத் தள்ளிவிட வேண்டும். கயிற்றைச் சுற்றினோம். பன்னிரண்டு பேர் பிடித்தார்கள்.

"இழுங்க!"

இழுத்தார்கள். கயிறு வந்தது. வந்தது... வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு பேரும் ரோட்டுக்கே போய்விட்டார்கள், பம்பரம் அசையவில்லை! பிறகு சோம்பலாக மூன்று சுற்றுச் சுற்றியது. கயிறு விடுபட்டுச் சுருண்டு அடித்ததில் பன்னிரண்டு பேரும் வரிசையாக மல்லாக்க விழுந்தார்கள். பம்பரம் மணல் மூட்டையில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"காலைல சாப்ட்டீங்களா இல்லீங்களா?" என்று கத்தினேன். "டீ குடிச்சுப்போட்டு வாங்க!"

டீ குடித்துவிட்டு வந்து இழுத்தார்கள். இந்த முறை இரண்டே சுற்று.

சேசுராஜ் பக்கத்தில் வந்தார். "ஆளு மேல குத்தமில்ல அண்ணாச்சி. நம்ம துணி ரொம்ப நல்ல துணி. அதான் கோளாறு."

எனக்கு உறைத்தது. நெசவுத் துணியில் நீள நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் முறுக்காக நிற்கும். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. இழுத்தால் நீளும். நீளத்தானே வேண்டும்? இத்தனை வருஷம் அந்தக் குணத்தைத்தானே ஊரெல்லாம் விற்றேன்! பன்னிரண்டு பேர் பலத்தையும் கயிறே தின்றுவிட்டால் பம்பரத்துக்கு என்ன மிச்சம்?

நைலான் கயிற்றையும் முயன்று பார்த்தோம். பாலிஷ் போட்ட மரத்தில் பாம்பு மாதிரி வழுக்கியது. தவிர, துணிக் கயிறு என்று மைக்கில் சொன்னவன் நான். செயலாளர் நோட்டில் அதுவும் இருக்கிறது.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்த என் மனைவி ருக்மணி சொன்னாள்: "எங்கண்ணன்கிட்ட கேளுங்க."

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். காடாத் துணி, வெளுக்காத முரட்டு நெசவு. அவர் மகள் கல்யாணப் பந்தியில், நாலு பேர் கேட்க நான் ஒரு வார்த்தை விட்டேன். "எங்க துணி இழுத்தா வரும், உட்டாப் போகும். மச்சான் துணி, கோவிச்சுக்கிட்ட மாமனாராட்ட... வளையவே வளையாதுங்க!" பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் காபியோடு சரி. இலையில் உட்காரமாட்டார்.

அவரிடம் போய் நான் கேட்பதா?

"கேட்டா கிரீடம் கீழ உழுந்துருமாக்கும்" என்றாள் ருக்மணி.

அன்று மதியமே போனேன்.

"வாங்க மாப்ள. ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?"

மழையைப் பற்றிப் பேசினோம். பேரன் படிப்பைப் பற்றிப் பேசினோம். இரண்டு டம்ளர் காபி தீர்ந்தது. கடைசியில் சொல்லியே விட்டேன். "ஒரு கயிறு வேணுமுங்க மச்சான். காடாவுல."

"எப்பிடியாப்பட்ட கயிறுங்க?"

"நீளாத கயிறு."

அவர் காதில் கை வைத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க மாப்ள. தறிச் சத்தத்துல கேக்கறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை. ஒரு தறி ஓடவில்லை.

"நீளாத கயிறு மச்சான்! இழுத்தா வராத கயிறு!"

அவர் மீசைக்குள் சிரித்ததைப் பார்த்தேன். எழுந்துபோய் ஒரு கட்டுக் காடாத் துணியை அவிழ்த்தார். "குறுக்க கிழிக்காதீங்க, பாவு வாட்டத்துல கிழிங்க" என்றார். நான் கிழிக்க, அவர் முறுக்க, சாயங்காலத்துக்குள் கயிறு ஆயிற்று. ஒரு முனையைத் தூணில் கட்டி நான் தொங்கிப் பார்த்தேன். அரை விரல்கூட நீளவில்லை. கோவிச்சுக்கிட்ட மாமனார்தான்!

பொங்கலன்று மைதானம் நிரம்பியிருந்தது. மச்சானும் வந்திருந்தார், கூப்பிடாமலே. பிள்ளையை வைத்திருப்பதுபோலக் கயிற்றை மடியில் வைத்திருந்தார். பம்பரத்தில் அவரே சுற்றினார்.

செயலாளர் மேடையில் ஒரு டீயோடு உட்கார்ந்தார். பெரிய டம்ளர். நோட்டும் பக்கத்தில்.

நான் துண்டை வீசினேன். "இழு லே!" என்றார் சேசுராஜ். "கீஞ்சோ!" என்றார்கள் எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பிள்ளைகள். "இழுங்க சாமீ!" என்றது எங்கள் ஊர். பம்பரத்துக்கு மூன்று பாஷையும் புரிந்தது.

ஃபிரேமைத் தள்ளிவிட்டோம். நின்றது! நின்ற இடத்தில் நின்று சுற்றியது. ஷெட் நிறைய நிட்டிங் மெஷின் ஓடும்போது வருமே ஒரு ரீங்காரம், அதே சத்தம்.

நான் பம்பரத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தேன்.

அந்த மனிதர் ஊதி ஊதிக் குடித்தார். நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு மிடறு. நிறுத்தி, பக்கத்தில் இருந்தவரிடம் மழை நிலவரம் விசாரித்தார். இன்னொரு மிடறு. பம்பரத்தின் தலை லேசாக ஆடத் தொடங்கியது. டம்ளரில் இன்னும் கால்வாசி...

மச்சான் மேடையோரம் போய் நின்றார். கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "குடிங்க சாமி. எங்க மாப்ள ஊட்டு டீ, அவ்வளவு மோசமாவா இருக்குது?"

எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். டீ கமிட்டி டீதான். ஆனால் சபையில் அப்படிக் கேட்டபின் எங்கள் பக்கத்து மனிதர் யார் குடித்து முடிக்காமல் டம்ளரைக் கீழே வைப்பார்? ஒரே மடக்கு. காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு பம்பரம் பெரிதாக நாலு வட்டம் போட்டு மணல் மூட்டையில் சாய்ந்தது.

அன்று மதியம் மச்சான் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கினார். ருக்மணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை எழுத ஐந்தாம் வகுப்புப் போதாது.

எல்லாம் சரி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பம்பரத்தை மைதான வாசலில் பீடம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. மரம் கொடுத்தவர் பெயர், கடைந்தவர் பெயர், ஃபிட்டர் சேசுராஜ் பெயர், கயிறு கொடுத்த மச்சான் பெயர். என் பெயர்? இல்லை. கேட்டால் செயலாளர், "நீங்க தலைவருங்க, உங்களத் தெரியாதவங்க யாருங்க?" என்கிறார். இப்போது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

பேலன்ஸ் என்னுடையது. யோசனை என்னுடையது. சரி, அதையெல்லாம் விடுங்கள். அந்த முதல் கயிறும் என்னுடையதுதானே? அது நீளாமல் இருந்திருந்தால் நான் சோமனூருக்குப் போயிருப்பேனா? மச்சான்தான் என் வீட்டு இலையில் உட்கார்ந்திருப்பாரா?

பலகையில் அடியில் இடம் காலியாக இருக்கிறது. நானே போய் அளந்துவிட்டு வந்தேன். "முதல் கயிறு" என்று போட்டு, எதிரில் என் பெயரை எழுத வேண்டும் என்று கமிட்டியை இந்தப் பத்தி மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்து மட்டும் மற்றவர்களுடையதைவிட அரை இன்ச் பெரிதாக இருக்கட்டும்!