டாக்டர் ருக்மணியோடு காத்திருந்த கால் மணி நேரங்கள்

பேச்சியம்மாளின் போன் வந்தபோது கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் டாக்டர் ருக்மணியின் கிளினிக்கில் நர்ஸ். போனை எடுத்தால் வைக்க மனசு வராத ஆள். அன்றைக்கு, "அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு மலேரியா டெஸ்ட் பெட்டி எடுத்து வைக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா வெளியூர் போகிறாரா என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம்தான் கேட்டது. மருத்துவச் சாமான் வியாபாரத்தில் ஆர்டர் ரத்தாவது எனக்குப் புதிதல்ல. அதற்காகக் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டது அன்று ஒரு நாள்தான்.

காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த டாக்டரம்மா எழுந்திருக்கவே இல்லையாம். திருநகரில் அவர் வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டு மொழியில் அழுதார்கள். சௌராஷ்டிரம் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அழுகை புரிந்தது, அழுகைக்குள் சொன்னது புரியவில்லை. டாக்டரம்மாவின் அண்ணன் மகன் வந்து நான் யார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். "சர்ஜிக்கல் கடைங்க. டாக்டரம்மாவுக்குச் சாமான் குடுக்குறவன்" என்றேன். தலையசைத்து, வெளியே போட்டிருந்த நாற்காலிகளைக் காட்டினார். நான் சொன்னது பொய்யில்லை. முழுசாகவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வேறு என்ன சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும், அவரோடு வேலை பார்த்தவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அங்கே சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

அவர் என் கடைக்கு முதன்முதலாக வந்தது ஒரு சித்திரை வெயிலில். மலேரியா டெஸ்ட் பெட்டிகள் வேண்டும் என்றார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால், சின்ன அட்டையில் கோடு விழும். கோட்டை வைத்து மலேரியா உண்டா இல்லையா என்று சொல்லலாம். அந்தச் சாமான்தான். எடுத்து வைத்தேன். அவர் விலையைக் கேட்கவில்லை. எங்கே அடுக்கி வைக்கிறீர்கள் என்று கேட்டார். மாடியில் என்றேன். விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அனல் அடித்தது.

"இங்க நீங்க உக்காருவீங்களா, முதலாளி?"

"நான் எதுக்கு இங்க உக்காரப் போறேன், தீஞ்சு போயிருவேன்."

"அப்ப இது மட்டும் தீயாதா?"

எத்தனை டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பதைக் காட்டினார். வெந்துபோன அட்டை மலேரியா இருக்கிற பிள்ளைக்கும் இல்லை என்று சொல்லிவிடும் என்றார். அன்று ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். வாங்காமல் போகிறவரைத் திரும்ப வரவைப்பதுதான் வியாபாரம். மறுநாளே அந்தப் பெட்டிகளையெல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன். புதுச் சரக்கு வந்ததும் கீழே ஏசி போட்ட என் அறையில் எனக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்து, டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்து பார்த்தார். "முதலாளிக்குக் கெடச்ச காத்து இதுக்கும் கெடச்சிருச்சு" என்றார். அதிலிருந்து வாடிக்கை.

சோழவந்தானைத் தாண்டி இருக்கிற செங்கல் சூளைக்கு அவர் ஞாயிறுதோறும் வைத்தியம் பார்க்கப் போவார். ஒடிசா மலைப்பக்கத்துக் குடும்பங்கள் தீபாவளி கழிந்து வந்து, மழைக்கு முன்னால் ஊர் திரும்பும். அந்த மலைகளில் மலேரியா வருஷம் முழுக்க உண்டு. பிள்ளைகள் அதோடுதான் ரயில் ஏறி வரும். ஒரு தடவை அவருடைய கார் ரிப்பேர். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஒரு நாள் உதவி என்று நினைத்துத்தான் போனேன். அப்புறம் நிற்கவே இல்லை.

அங்கேதான் அவர் காத்திருப்பதைப் பார்த்தேன். அட்டையில் ரத்தம் விட்டு, மருந்துநீர் சொட்டிய பிறகு கால் மணி நேரம் பொறுத்துத்தான் கோட்டைப் பார்க்க வேண்டும். முந்திப் பார்த்தாலும் தப்பு. ரொம்ப நேரம் விட்டுவிட்டுப் பார்த்தாலும் இல்லாத கோடு தெரியும். எல்லா இடத்திலும் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் கூப்பிட மாட்டார். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேரத்தைக் காசாகவே பார்த்துப் பழகிய எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இம்புட்டு நேரத்தில் நாலு பேரைப் பார்க்கலாமே என்றேன். "நாலு பேரப் பாக்கலாம். இவள யாரு பாக்குறது?" என்றார்.

அந்தக் கால் மணி நேரங்களில்தான் நாங்கள் பேசினோம். எழுமலையிலிருந்து வந்து, சைக்கிளில் பஞ்சுக்கட்டும் தெர்மாமீட்டரும் கட்டிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கிய கதையை என் பிள்ளைகள்கூட முழுசாகக் கேட்டதில்லை. அவர் கேட்டார். நடுவில் அலாரம் அடித்தால் கதை நிற்கும்; அடுத்த பிள்ளைக்கு அட்டை வைத்ததும், "ம், அந்த கம்பவுண்டர் என்ன சொன்னான்?" என்று விட்ட இடத்தில் பிடிப்பார். அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு தடவை தானாகவே சொன்னார்: "தனியா இருக்குறதுல ஒரு வசதி, யாருக்கும் பதில் சொல்ல வேணாம். ஒரு கஷ்டம், யாரும் கேக்கவும் மாட்டாங்க." வீடு நிறைய ஆள் இருந்தும் என்னையும் யாரும் கேட்பதில்லை என்றேன். சிரித்துவிட்டு, அட்டையைக் குனிந்து பார்த்தார். கோடு விழவில்லை. அலாரமும் இன்னும் அடிக்கவில்லை.

ரூபா என்கிற சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்து, கோடு விழுந்து, மலேரியா மாத்திரை முழுசாகக் கொடுத்துக் குணமாகியிருந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி காய்ச்சல். மறுபடி கோடு. சூளை மேஸ்திரி மூக்கையா அவசரப்பட்டார். "அதான் கோடு வந்துருச்சே டாக்டரம்மா, அதே மாத்திரயத் திரும்பக் குடுங்க. இதுக்கு எம்புட்டு நேரம் யோசிக்கிறது?" நானும் அதைத்தான் சொன்னேன். அவள் அம்மா ஜமுனா பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு முந்தின பிள்ளை ஊரில் இப்படித்தான் மாத்திரை சாப்பிடச் சாப்பிடவே போய்விட்டது என்று மூக்கையாதான் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தக் கோடு கிருமியப் பாத்து வரல, முதலாளி. கிருமி விட்டுட்டுப் போற சரக்கப் பாத்து வருது. கிருமி செத்த பெறகும் அது ரத்தத்துல வாரக்கணக்குல கெடக்கும்."

"கடையக் காலி பண்ணின பெறகும் போர்டு தொங்குற மாதிரியா?"

"பரவாயில்ல, வியாபாரிக்கும் வெளங்குது."

சொல்லிக்கொண்டே பிள்ளையின் சட்டையைக் கழற்றி, அக்குள், இடுப்பு, கழுத்து என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். காதுக்குப் பின்னால் முடிக்குள் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது, சிகரெட்டால் சுட்ட மாதிரி. சூளைப் பொறி பட்டது என்று ஜமுனா நினைத்திருக்கிறாள். அது புதரில் இருக்கிற பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல். மலேரியா மாத்திரை அதற்கு ஒன்றும் செய்யாது. அப்போதே காரில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, மைக்ராஸ்கோப்பில் அவரே உட்கார்ந்து பார்த்தார். ஒரு கிருமியும் இல்லை. மருந்தை மாற்றினார். பிள்ளை பிழைத்தது.

திரும்பி வரும்போது, என் பெட்டி பொய் சொல்லிவிட்டது என்று எனக்கு வருத்தம். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "உங்க பெட்டிக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும். அதுவும் எல்லா நாளும் ஒழுங்காச் சொல்லாது. அது மட்டும் பத்தாது. புள்ளைகிட்ட நூறு கேள்வி இருக்கு. மிச்சத்த நாமதான் கேக்கணும்" என்றார். மட்டமான சரக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வாங்குவதை நிறுத்தவும் இல்லை. ராத்திரியில் மைக்ராஸ்கோப்புக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் அந்த அட்டைதான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது என்பார். அதை நம்புவார், அதை மட்டும் நம்ப மாட்டார்.

அவர் போன பிறகு சூளைக்கு வரச் சொல்லித் தெரிந்த டாக்டர்களைக் கேட்டுப் பார்த்தேன். கெட்டவர்கள் இல்லை, வேலை அப்படி. "இப்பதான் டெஸ்ட் கிட் இருக்கே, நர்ஸே பாத்துக்கலாமே" என்றார்கள். நான் விற்கிற சாமானையே என்னிடம் காரணமாகச் சொன்னார்கள்.

போன ஞாயிறு பேச்சியம்மாளும் நானும் மட்டும் போனோம். காரின் இடது பக்கக் கதவு திறந்து யாரும் இறங்காததைப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றன. டாக்டர் இனி வரமாட்டார் என்பதை மூக்கையா பிள்ளைகளின் பாஷையில் சொன்னார். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பையனுக்கு உடம்பு கொதித்தது. பேச்சியம்மாள் அட்டை வைத்தார். அலாரம் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். விட்ட இடத்தில் கதையைப் பிடிக்க ஆள் இல்லை. கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோடு விழவில்லை. மலேரியா இல்லை என்றதும் அவன் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பேரையும் காரில் ஏற்றி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசு. வரிசை வாசல் வரை நின்றது. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நெகட்டிவ்தானே, காய்ச்சல் மாத்திரை தரேன், போகலாம்" என்றார்.

"தம்பி, இந்த டெஸ்ட்டை விக்கிறவனே நான்தான். நான் சொல்றேன், இது பத்தாது. பையனத் தொட்டுப் பாருங்க. ரத்தத்த ஸ்லைடுல தடவியும் பாத்துருங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். பையனுக்கு நிமோனியா. உடனே படுக்கையில் சேர்த்தார்கள். சாயங்காலம் ஸ்லைடு முடிவும் வந்தது, அதிலும் மலேரியா இல்லை. பெட்டி சரியாகத்தான் சொல்லியிருந்தது. மலேரியா இல்லை என்றுதான் சொன்னது. பையன் நன்றாக இருக்கிறான் என்று அது சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று செல்போனைக் கையில் எடுத்தேன். என் சரக்கை நானே பத்தாது என்று சொன்னதை ஒரே ஒருவரிடம்தான் சொல்ல முடியும். கேட்டிருந்தால் டாக்டரம்மா சும்மா விட்டிருக்க மாட்டார், ஒரு மாசத்துக்கு என்னைக் கேலி பண்ணியே ஓட்டியிருப்பார். வீட்டில் சொன்னேன். "வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

டாக்டர் ருக்மணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தை, பத்தாது. டெஸ்ட் பெட்டி கேட்டு யார் வந்தாலும் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும். ஞாயிறு சூளைக்குப் போவதை நான் விடப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் டாக்டர் யாராவது கூட வருவதாக இருந்தால், என் காரில் ஒரு இடம் காலியாக இருக்கிறது.