கடைசி லோஞ்சும் கடைசி ரீலும்

இரத்தினசிங்கம் அண்ணனைத் திருகோணமலைப் பட்டணத்தில் திட்டாத ஆள் குறைவு. நான் தொழுகைக்குப் பிறகு அவருக்காகத் துஆக் கேட்கிறவள். அவர் பட்டணத்துத் தியேட்டர் ஒன்றில் பத்தொன்பது வருஷம் படம் ஓட்டினார். வெக்கையில் பனியனோடு நிற்பார். கையில் கட்டிய மணிக்கூடு மட்டும் மூதூருக்குக் கடல் கடக்கிற லோஞ்ச் படகின் நேரத்துக்குச் சரியாக ஓடும்.

ஞாயிறு இரண்டு மணிக் காட்சிக்கு எங்கள் மூதூர் ஆட்கள் லோஞ்சில் போவார்கள். திரும்பி வர ஐந்தரை லோஞ்ச்தான் கடைசி. அதைத் தவறவிட்டால் துறைமுக வாங்குப் பலகையில் படுக்கவேண்டியதுதான். படங்களோ நீளம். ஆகவே ஞாயிறுகளில் சிரிப்பும் பகிடியுமாக வருகிற ஒரு ரீலை அவர் ஓட்டாமல் விட்டுவிடுவார். பட்டணத்துப் பொடியன்கள் ஊளையிடுவார்கள். "உங்கட வீடு நடை தூரம். அவையின்ர வீடு கடலுக்கு அங்கால" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

அறுபத்திரண்டில் எனக்கு வயது இருபத்திரண்டு. காசநோய் வந்து, தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது மாதம் கிடந்தேன். சுகம் வந்துவிட்டது, கூட்டிப்போகலாம் என்று வீட்டுக்குக் கடிதம் போனது. என் மூத்த சகோதரர் அபூதாஹிர் காக்கா வரவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, அக்கம்பக்கம் கதைக்கிறது என்று பதில் எழுதினார். மாதம் முடியும்வரை ஆள் வராவிட்டால் என்னை அநாதை மடத்துக்கு அனுப்புவதாக நர்ஸ் சொன்னாள். நான் காக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினேன், பிறகு அழுதேன்.

அந்த மாதம்தான் காக்கா ஒரு ஞாயிறு லோஞ்சில் படத்துக்குப் போனார். அதிலும் நோய் மாறிய ஒருத்தி கொட்டும் மழையில் தமையன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அன்றைக்கென்று கரண்ட் அரை மணி நேரம் நின்றுபோயிருந்தது. பகிடி ரீலை விட்டும் நேரம் போதவில்லை. அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே இரத்தினசிங்கம் அண்ணன் படத்தை நிறுத்தி, லைற்றைப் போட்டு, மூதூர் ஆட்களை லோஞ்சுக்கு ஓடச் சொன்னாராம்.

லோஞ்சில் வழிநெடுக ஒரே வாக்குவாதம். தமையன் கதவைத் திறந்திருப்பானா, மாட்டானா? ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னார்கள். காக்காவிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லையாம். என் கதை ஊருக்கே தெரியும்.

நாலாம் நாள் காக்கா புதுச் சேலையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். "அந்தக் கதவு திறக்கவே இல்ல அசனா. நீ வா, வீட்ட போவம்" என்றார். எந்தக் கதவு என்று எனக்கு விளங்கவில்லை. இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பெருநாளுக்கு நானும் காக்காவும் வட்டிலப்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். ரீல் குறைந்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, இரத்தினசிங்கம் அண்ணன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

"கடைசி ரீலில தமையன் கதவைத் திறந்து கட்டிப்பிடிச்சு அழுவான், தங்கச்சி. அதைக் காட்டியிருந்தா உங்கட காக்காவும் அங்கேயே அழுது முடிச்சிருப்பார்."

ஏழு வருஷம் கழித்து அதே படம் திரும்பவும் வந்தது. இந்த முறை ஒரு ரீலும் குறையாது, லோஞ்சும் காத்து நிற்கும் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். போனோம். திரையில் அவள் கதவைத் தட்டத் தொடங்கியதும் காக்கா எழுந்துவிட்டார்.

"வா, லோஞ்சுக்கு நேரமாச்சு."

லோஞ்சுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நானும் எழுந்தேன். லோஞ்ச் புறப்படும்வரை துறைமுக வாங்கில் இருந்தோம். காக்கா என் கையை விடவேயில்லை.