ஆறாம் படிக்குக் கீழே மண்

என் அப்பா நகரப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் பிரேக் வேலை பார்த்தார். வண்டி வாசலில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் கட்டை தேய்ந்திருக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அதேதான் இருக்கும். வீட்டில் அம்மா கூப்பிடுவது மட்டும் அந்தக் காதில் விழாது.

மற்ற நேரமெல்லாம் அவர் பச்சைச் சட்டைக்காரர்களின் ஆள். எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. இரண்டாம் பிரிவு லீக்கில் ஆடும் அணி. "சம்பளம் வாங்கித்தான் ஆடுறாங்க, ஆனா அது வெளிய தெரியாம பாத்துக்கிறாங்க" என்பார் அப்பாவின் கூட்டாளி. அவருக்கு முடிதிருத்தும் கடை. எனக்கு மாமா.

ஒரு பருவத்துக்குப் பதினான்கு ஆட்டங்கள் சொந்த மைதானத்தில். அப்பா அதற்கேற்ப ஷிப்ட் மாற்றிக்கொள்வார். என் பட்டமளிப்பு விழா ஓர் ஆட்ட நாளில் வந்தது. விழாவுக்கு வந்தார். இரண்டு மணி நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது முடியும் என்று மட்டும் கேட்கவில்லை. அவர் அளவில் அது பெரிய தியாகம்.

மைதானத்தில் அவர் இடம் கிழக்கு கேலரி. கூரை இல்லை, நாற்காலி இல்லை. இருபத்திரண்டு கான்கிரீட் படிகள், இடையிடையே சாய்ந்துகொள்ள இரும்புத் தடுப்பு. பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அறையும். கேலரி கட்டிய வருடத்திலிருந்தே, முப்பத்து நான்கு வருடமாக, அப்பாவும் மாமாவும் ஆறாம் படியில்தான் நின்றார்கள். எதிரணிக்காரன் பந்தோடு பாய்ந்து வந்தால் அப்பா, "பிடி! கட்டையைப் பிடி!" என்று கத்துவார். அதனால் கேலரியில் அவருக்குப் பெயர் பிரேக்கு.

சிறுவயதில் என்னையும் கூட்டிப் போவார். பிரேக் கட்டை வரும் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிறுத்துவார். ஒருமுறை நான்கு கோல் வாங்கியிருந்தோம். மழை வேறு. போகலாம் என்று அழுதேன். "விசில் ஊதட்டும்" என்றார். "ஜெயிக்கும்போது நிக்கிறதுக்கு ஆயிரம் பேர் வருவான்." ஐந்தாவதையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். பழைய கட்டடங்கள் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துச் சொல்வது என் வேலை. போன பருவத்தின் நடுவில், காப்பீட்டு நிறுவனம் கேட்டதென்று அணி நிர்வாகம் கிழக்கு கேலரியைச் சோதிக்கச் சொன்னது. வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. என் கைக்கு வந்தது.

இரண்டு நாள் சோதித்தேன். ஒன்பதாம் படியிலிருந்து மேலே எல்லாம் நீட்டிய உத்தரங்களின்மேல் அந்தரத்தில் நின்றன. உள்ளே கம்பி துருவேறி, கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கூட்டம் ஒரே தாளத்தில் குதித்தால் ஆபத்து. சந்தேகமே இல்லை. ஆனால் கீழ் எட்டுப் படிகள் அந்தரத்தில் இல்லை. மண்ணைக் கொட்டி இறுக்கி, அதன்மேல் நேராக வார்த்தவை.

ஆறாம் படியின் தடுப்புக் கம்பியில் ஒரு கையளவுக்கு மட்டும் பெயிண்ட் போய், இரும்பு பளபளத்தது. யார் கை என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழேயே துளையிட்டு மாதிரி எடுத்தேன். நல்ல கான்கிரீட். அடியில் கெட்டியான மண்.

மேலே பதினான்கு படிகளை மூடிவிட்டு, எட்டாம் படிக்குப் பின்னால் வேலி போட்டுக் கீழே ஆட்களை விடலாம். அதற்கு வேலிக்கு வரைபடம் வேண்டும், வெளியேறும் வழிக்குக் கணக்கு வேண்டும். ஒரு வாரத்து வேலை. என் மேசையில் ஒரு பாலம் காத்திருந்தது. மேலதிகாரியிடம் கேட்டேன்.

"முழுசா மூடச் சொல்லிடும்மா" என்றார். "மூடச் சொன்னதுக்காக எந்த இன்ஜினியரும் ஜெயிலுக்குப் போனதில்ல."

மூடச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஒரு பத்தி இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டில் அப்பா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கிழக்கை மூடிட்டாங்க."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"குதிச்சா விழுந்துடுமாம். நம்ம டீம் கோல் போட்டாத்தானே நாங்க குதிக்கிறதுக்கு? இந்த வருஷம் மொத்தமே மூணு தடவைதான் குதிச்சிருக்கோம்."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

"எவனோ ஒரு இன்ஜினியர் எழுதிக் குடுத்திருக்கான். வாழ்க்கையில ஒரு மேட்ச் பாத்திருக்க மாட்டான் அவன்."

"உங்க டீம் ஆடின மேட்சைப் பாத்திருப்பான். அதான் மூடிட்டான்" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா, முப்பத்து நாலு வருஷம் நின்ன கட்டடம் இப்ப திடீர்னு விழுமா?"

"துரு உள்ளதான்ப்பா இருக்கும். வெளிய தெரியாது" என்றேன். அது உண்மை. எழுதியது நான்தான் என்று மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் பாலத்துக்குப் போய்விட்டேன்.

கிழக்கு ஆட்களை வடக்கு முனையில், கோல் கம்பத்துக்குப் பின்னால், நாற்காலி போட்டு ஆளுக்கொரு மூலையாக உட்கார வைத்தார்கள். அப்பா ஓர் ஆட்டத்தோடு வெறுத்துவிட்டார். "வரிசையா உக்காந்து பேர் கூப்பிடற வரைக்கும் காத்திருக்க இது என்ன பல் டாக்டர் ஆஸ்பத்திரியா?" மாமாவின் இடம் நாற்பது நாற்காலி தள்ளி. இருவரும் ஆட்டம் முழுக்கக் கைபேசியில் திட்டிக்கொண்டார்களாம்.

பிறகுதான் மனு. ஒரு ஞாயிறு காலை அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"பாப்பா, நீதான் எழுதணும்" என்றார் மாமா, கத்தியை எடுக்காமலே. "எங்க பாஷையில எழுதினா குப்பையில போடுவான். உங்க பாஷையில எழுது. அந்த இன்ஜினியர் படிச்சுட்டு நாக்கைப் பிடுங்கிக்கணும்."

"அவளுக்கு வேலை இருக்கும்டா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எழுதினேன். அங்கேயே, கண்ணாடி மேசையில். முப்பத்து நான்கு வருடம், மூன்று தலைமுறை, வெயில், மழை எல்லாம் எழுதினேன். படித்தால் கண்ணீர் வரும். கீழ் எட்டுப் படிகள் மண்ணின்மேல் நிற்கின்றன, அவற்றை மட்டுமாவது திறந்துவிடுங்கள் என்ற ஒரு வரியை எழுதவில்லை. எழுதினால் நிர்வாகம் அதை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும். முதலிலேயே ஏன் எழுதவில்லை என்ற கேள்வி வரும். விஷயம் அப்பா வரைக்கும் போகும்.

மாமா உரக்கப் படித்தார். நாற்காலியில் இருந்தவர் பாதி முகம் நுரையோடு எழுந்து வந்து முதல் கையெழுத்தைப் போட்டார். தாளில் நுரை சொட்டியது. அப்பா அதைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். இரண்டு வாரம் தெருத்தெருவாக அலைந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. போன இடமெல்லாம் ஒரே வசனம்: "எம் பொண்ணு எழுதினது. இன்ஜினியர்."

மனு என் மேசைக்கு வந்தது. மூலையில் சோப்புக் கறை.

"யாரோ உருக்கமா எழுதியிருக்காங்க" என்றார் மேலதிகாரி. "ஆனா உள்ள சரக்கில்ல. ரெண்டு வரி பதில் போட்டுடு."

இரண்டு வரி போட்டேன். "மனு பரிசீலிக்கப்பட்டது. அறிக்கையின் பரிந்துரையில் மாற்றம் இல்லை." பதில் நிர்வாகத்தின் கடிதத்தாளில்தான் போகும்; அலுவலகப் பெயரோ பொறியாளர் பெயரோ வராது. அது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்கு அன்று நன்றி சொன்னேன்.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ நல்லாத்தாம்மா எழுதினே" என்றார். "படிக்கிறவனுக்கு மனசு இல்ல."

அதன்பின் அவர் உள்ளே போகவில்லை. வீட்டிலும் இருக்கவில்லை. கடைசி நான்கு ஆட்டங்களுக்கும் பூட்டிய கிழக்கு வாசலுக்கு வெளியே நின்றார். முதல் தடவை மாமாவும் நின்றார். கால்வலி என்று அடுத்ததற்கு வரவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் இரண்டாம் பிரிவிலேயே இருப்போம். தோற்றால் மூன்றாம் பிரிவு. மழை பிடித்துக்கொண்டது. "கூட்டிட்டு வா, குடை எடுத்துட்டுப் போனாரா தெரியல" என்று அம்மா அனுப்பினாள்.

குடை இருந்தது, மடித்தபடி கையில். மற்றொரு கையைத் தகர வாசலில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றிருந்தார். பணிமனையில் பஸ் திரும்பும்போது நிற்பதுபோல.

"வாங்கப்பா, நனையுறீங்க."

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"எண்பத்து நாலு."

"ஒண்ணு வாங்கியாச்சு. மேற்குலேர்ந்து உச்சுக் கொட்டின சத்தம் வந்துது. நில்லு."

நின்றோம். நான் குடையை விரித்துப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ உயர்ந்தது. எனக்கு வெறும் இரைச்சல். அப்பா என் கையைப் பிடித்தார்.

"கார்னர்... வருது, வருது... போட்டான்!"

அதன்பின்தான் மைதானம் வெடித்தது. அப்பா குதித்தார். அறுபது வயதில், சாலையில், தண்ணீரில், தனியாக. என் பேன்ட் முழுக்கச் சேறு. மூச்சு வாங்க என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரோடு தாங்கும்ல, இன்ஜினியரம்மா?"

இருவரும் சிரித்தோம். விசில் ஊதும்வரை அங்கேயே நின்றோம். ஒன்றுக்கு ஒன்று, சமன். பிழைத்துக்கொண்டோம்.

காருக்கு நடக்கும்போது அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கீழ்ப் படிங்க மண்ணு மேலதானே இருக்கு? கட்டும்போது லாரி லாரியா மண்ணு கொட்டினதை நான் பாத்தேன். அதுவுமா விழும்?"

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. கேட்காததுபோல் இருந்திருக்கலாம். அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன்.

"சோதிச்சுப் பாக்காம சொல்ல முடியாதுப்பா."

சோதித்த மாதிரித் துண்டு, எண் ஒட்டிய உருளைக் கான்கிரீட், என் அலுவலக அலமாரியில் இருந்தது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பத்தொன்பது நாள் கழித்து, காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை. மாரடைப்பு. மழையில் நின்றதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் மருத்துவர். நான் கேட்டதால் சொன்னார். மூன்று தடவை கேட்டேன்.

புதிய பருவத்துக்கு முன்னால், டிக்கெட் விற்காத நஷ்டத்தில், நிர்வாகம் வேறு அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளரை அழைத்தது. எட்டு நாளில் வேலி வந்தது. கீழ் எட்டுப் படிகளைத் திறந்தார்கள். அவருடைய அறிக்கையை வாங்கிப் படித்தேன். புதிதாகத் துளை எதுவும் போடவில்லை. என் எண்களையே எடுத்து எழுதியிருந்தார்.

முதல் ஆட்டத்துக்குப் போனேன். ஆறாம் படியில் மாமா நின்றிருந்தார். தடுப்புக் கம்பிக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட். கையளவு இரும்பு எங்கே இருந்தது என்று தேடினேன். தெரியவில்லை. மாமா தனக்கு வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தார். நான் அதைத் தாண்டிப் போய் நின்றேன்.

"பாத்தியா பாப்பா? நல்லவன் ஒருத்தன் வந்தான், திறந்துட்டான். போன வருஷம் வந்தவன் எந்தத் தறுதலையோ. உங்கப்பன் ஒரே ஒரு மேட்ச்..."

"நான்தான் மாமா."

"எது நீதான்?"

"போன வருஷ ரிப்போர்ட். நான்தான் எழுதினேன். இங்க கீழ மண்ணுன்னு தெரியும். தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

பந்து வெளியே போயிருந்தது. யாரோ எறிந்து கொடுத்தார்கள். மாமா அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மனு?"

"அதுல அந்த வரியை எழுதாம விட்டது நான். பதில் போட்டதும் நான்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றே?"

இடைவேளை வந்தது, போனது. மாமா டீ வாங்கி வந்தார். ஒரு கோப்பைதான். எதிரணி ஒன்று போட்டது. பிறகு இன்னொன்று. கூட்டம் கலைய ஆரம்பித்தது. 

"நான் போகட்டுமா மாமா?"

"உங்கப்பன் போயிருப்பானா?"

"மாட்டார்."

"பின்ன என்ன கேள்வி?"

நின்றேன். விசில் ஊதியது. மாமா இரண்டு படி இறங்கி, திரும்பாமல் நின்றார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவ தெருத்தெருவா அந்த மனுவைத் தூக்கிட்டு அலைஞ்சவனுக்குச் சோறு போட்டவ. அவகிட்ட சொல்லிட்டு அடுத்த மேட்சுக்கு வா. சொல்லாம இந்தப் படியில கால வைக்காத."

வீட்டுக்கு வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இருக்கும்போது எந்த ஆட்டத்தையும் விசாரிக்காதவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"எத்தனை?"

"ரெண்டு பூஜ்யம். தோத்துட்டோம்."

"அவர் இருந்திருந்தா இன்னிக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கியிருக்காது" என்றாள். "கை கழுவிட்டு வா, எடுத்து வைக்கிறேன்."

"அப்புறம் எடுத்து வைக்கலாம்மா" என்றேன். "இப்படி உட்காரு."