வந்துகிட்டே இருக்கேன்பா

போன வருடம், என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த சனிக்கிழமை அது. மலேசியாவில், அசாம் ஜாவா ஊரில் உள்ள எங்கள் வீட்டில்தான் விழா. பந்தல், பூ, சாப்பாடு என்று எல்லாப் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "அவகிட்ட விட்டா போதும்லா, ஒரே நாள்ல பத்து வேலைய முடிச்சிருவா" என்று சொந்தக்காரர்கள் சொல்வதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப்போனதால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோல சிலாங்கூர் டவுனில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தம் கழுவிக்கொள்ள வேண்டும். விடிந்ததும் நான் கொண்டுபோய் விடுவேன். மதியத்துக்கு முன்னால் முடிந்துவிடும். நான் வீட்டில் பலகாரம் செய்து விற்பவள். அவர் உள்ளே படுத்திருக்கும் அந்த நேரத்தில் மாவு வாங்குவது, சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். அப்பாவுக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தேன். கார் நிறுத்த இடம் தேடி நேரம் வீணாகிறது, அதனால் நான் வரும்போது அவர் வெளியே வந்து ரோட்டோரம் தயாராக நிற்க வேண்டும். ஒரு நாளும் அவர் மறுத்ததில்லை.

அன்றும் அப்பாவை விட்டுவிட்டுப் பூ வாங்கினேன், பந்தல்காரரைப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றியது. அரை மணி தூரத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையில் தைக்கக் கொடுத்திருந்த என் ரவிக்கையைத் தம்பி எடுத்து வருவதாகத்தான் பேச்சு. அவன் எப்போதும் தாமதம், நானே போய் எடுத்துவிடலாம் என்று காரைத் திருப்பினேன்.

தையல்காரி இன்னும் கொக்கி வைத்து முடிக்கவில்லை. "உக்காருங்கக்கா, இதோ ஆச்சு" என்றாள். உட்கார்ந்தேன். அப்போது அப்பா போன் செய்தார்.

"முடிஞ்சிருச்சுமா. எங்க இருக்க?"

"வந்துகிட்டே இருக்கேன்பா. பத்து நிமிஷம்."

தையல் கடை நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் இதைச் சொன்னேன். தையல்காரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"சரிமா, அப்ப நான் வெளிய வந்து நிக்கிறேன்" என்றார் அப்பா. உள்ளேயே இருங்கள், தாமதமாகும் என்று சொல்லியிருக்கலாம். குளிரூட்டிய அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சொல்லத் தோன்றவே இல்லை.

இரண்டாவது முறை அவர் கூப்பிட்டபோது அப்போதுதான் காரை எடுத்திருந்தேன். "ஈஜோக் தாண்டிட்டேன்பா" என்றேன். அதுவும் பொய். வழியில் செம்பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்திப்போக முடியவில்லை.

மூன்றாவது முறை அப்பாவின் எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். உன் அப்பாவின் கையிலிருந்து ரத்தம் வருகிறது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், பதறாமல் ஓட்டி வா என்று மலாயில் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கடை வரிசையின் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவர் எனக்குப் பார்த்த முகம்தான். அவர் கணவரும் அங்கே ரத்தம் கழுவிக்கொள்பவர். மலாயில் அத்தை என்பதுபோல, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். வெயிலில் நின்று அப்பாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. விழாமல் இருக்கத் தூணைப் பிடித்திருக்கிறார். ஊசி குத்திய கையின் கட்டு அவிழ்ந்துவிட்டது. தாதி ஓடிவந்து புதுக் கட்டுப் போட்டுவிட்டுப் போன பிறகும் மக்சிக் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். அவருடைய பாஜு குரோங் உடையின் மடியெல்லாம் ரத்தம். அவர் கணவர் சோர்ந்துபோய்க் காரில் காத்திருந்தார்.

முதலிலேயே வீட்டில் கொண்டுவிடுகிறோம் என்று இருவரும் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் மகள் பக்கத்தில் வந்துவிட்டாள், நான் போய்விட்டால் தேடுவாள் என்று அவர் மறுத்துவிட்டாராம்.

மக்சிக் என்னைத் திட்டவில்லை. "ரோடு ஜாமா, நாக்?" என்று, பெற்ற பிள்ளையை மலாயில் கூப்பிடுவது போலக் கேட்டார்.

"ஆமாம், மக்சிக்" என்றேன்.

அப்பாவின் ரத்தத்தோடு ஒருவர் என் முன்னால் நிற்கும்போதும் என் வாயில் அதுதான் வந்தது.

காரில் அப்பா உட்காருவதற்காக முன் சீட்டில் கிடந்த தையல் கடைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையில் கடையின் பெயரும் ஊரும் பெரிதாக அச்சாகியிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"ரவிக்கை நல்லா தச்சிருக்காளாமா?"

அவர் அதைக் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயந்திரம் விழா ஒரு குறையுமில்லாமல் நடந்தது. எப்படி இத்தனையையும் ஒரே ஆளாகச் சமாளித்தாய் என்று வந்தவர்கள் கேட்டார்கள். உள்ளறையில் கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அப்பாவைக் காட்டி, களைப்பாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பா சட்டை மாற்றி, பையோடு கேட்டருகே நின்றிருந்தார். மக்சிக்கின் கார் வந்து நின்றது.

"அவங்க நம்ம வீட்டு வழியாத்தான் போறாங்கமா. போன் பண்ணிக் கேட்டேன், வரேன்னாங்க. உனக்கும் வேலை கெடாதுல்ல."

"அப்பா, அன்னிக்கு ரோடு ஜாம் இல்லப்பா."

"தெரியும்மா" என்றார். "நீ உள்ள போ, பலகார வேலை கெடக்கு பாரு."

கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். அவர் சிரித்தபடி ஏறிக்கொண்டார். மக்சிக் எனக்குக் கையசைத்தார். அவருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. முறுக்கு கொடுத்தனுப்புகிறேன், ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வருவதில்லை.

இப்போதெல்லாம் வாரத்தில் மூன்று காலை எனக்கு நிறையவே நேரம் கிடைக்கிறது. அப்பா என்னை நம்பிக் காத்திருப்பதை விட்டுவிட்டதால் கிடைத்த நேரம் அது என்று நினைக்கும்போது, அதில் எந்த வேலையைச் செய்தாலும் கூசிப்போகிறேன்.