மழை விட்டதை அறியாமல் வாசித்த கடிதம்

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென ஒற்றை அறைகளாக வரிசையில் கட்டிய எங்கள் பழைய லயத்தை இடித்துப் புதிய வீடுகள் கட்டப் போகின்றனர். அதனை அளப்பதற்குச் சென்ற வாரம் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தனர். நாடா பிடித்து நீளம் எழுதினர், அகலம் எழுதினர். அறைகளைப் பிரிக்கும் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியை ஒருவரும் அளக்கவில்லை. அளக்கப்படாத அது எழுதப்படாமலும் போய்விடலாகாது என்பதாலேயே இதனை எழுதுகின்றேன். பதுளையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் என்பதை ஒரு தகுதியாக முன்வைக்க எனக்குக் கூச்சமாக உள்ளது. அத்தமிழே இங்குக் குற்றவாளி என்பதைப் பின்னர் காண்பீர்கள்.

நாங்கள் குடியிருந்த காம்பரா என்னும் அறையின் வாசலில் சற்று நின்றேன். மிலாற்றுப் புகையின் மணம் கரியேறிய சுவரை விட்டு இன்னும் நீங்கவில்லை. மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. எங்களுக்கு அதுவே விறகு. ஓர் அடுப்பின் புகை அந்த இடைவெளி வழியே பன்னிரண்டு காம்பராக்களுக்கும் பரவும். புகை செல்லும் வழியில் சொல்லும் செல்லும். முதற் காம்பராவில் குழந்தை தும்மினால் நான்காவதிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். இன்று நினைத்தால் இனிமையாகத்தான் இருக்கிறது. அன்று, தும்மலைக்கூடத் தனியே தும்ம இயலாத களைப்பு எங்கள் எலும்பில் ஊறிக் கிடந்தது.

தந்தை, தாய், தங்கை, அண்ணன், நான் என ஐவர் இருந்த ஒற்றை அறைக்கு அண்ணனின் மனைவியாக அண்ணி வந்து சேர்ந்தார். கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கு ஒன்றைக் குறுக்கே கட்டி, அதற்கு அப்பால் உள்ளது அவர்கள் அறை என்று முடிவு செய்தோம். அந்தச் சாக்குத் துணியை ஒரு சுவராக மதிக்க நாங்கள் அனைவரும் பட்ட பாடு பெரிது. அண்ணி தலை சீவும்போது தந்தை எழுந்து வெளியே போவார். தந்தை உண்ணும்போது அண்ணி ஊற்றுநீர் விழும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவார். குடம் நிறைந்திருந்தாலும் போவார்.

அம்மா தீயவர் அல்லர். இருபத்தைந்து ஆண்டுகள் தமக்கென்று ஒரு மூலையும் இன்றி வாழ்ந்தவர், எஞ்சியிருந்த அடுப்படியையும் பங்கிட நேர்ந்தபோது தாங்கவில்லை. மருமகளைக் கடிந்தால் லயமே கேட்கும். ஆகையால் கோழியைக் கடிவார். "திங்கிறது மட்டும் தெரியுது, ஒரு வேலைக்கு ஒதவுதா?" என்று ஒருநாள் கோழியிடம் கேட்டபோது, பக்கத்துக் காம்பரா முனியம்மா சுவருக்கு அப்பாலிருந்து விடை கூறினார்: "அக்கா, அந்தக் கோழிய எங்கிட்ட குடுத்துருங்க. இங்கயாச்சும் நிம்மதியா முட்டையிடட்டும்." லயம் முழுதும் சிரித்தது. எங்கள் காம்பராவில் மட்டும் எவரும் சிரிக்கவில்லை.

அந்தரங்கம் பேச எங்களுக்கிருந்த ஒரே அறை மழை. தகரத்தின்மேல் மழை அறையும்போது அடுத்தவர் காதில் ஒன்றும் விழாது. ஆதலால் பெண் கேட்டு வந்த செய்தி, நோயின் பெயர், கணவன் மனைவி பிணக்கு யாவும் மழைக்கெனச் சேமிக்கப்படும். "மழ வரட்டும், பேசிக்குவம்" என்பது அங்கு அன்றாட வழக்கு.

அத்தகைய ஒரு பிற்பகல். பெருமழை. நான் அப்போதுதான் ஆசிரியப் பணியில் சேர்ந்திருந்தேன். லயத்தார் அனைவருக்கும் கடிதம் எழுதுபவனும் நானே. அம்மா அப்போது பக்கத்து முனியம்மா வீட்டிலிருந்தார். அண்ணி படங்கை விலக்கிக்கொண்டு வந்து, "தம்பி, தொரைக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. தொங்கக் காம்பரா காலியா இருக்காம். அது எங்களுக்கு வேணும்னு மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். லயத்தின் கடைசி அறையைத்தான் தொங்கக் காம்பரா என்போம். வந்த நாள் முதல் அவர் தமக்கென்று கேட்டது அது ஒன்றே.

வேறொன்றும் வேண்டாம் என்பது என் செவியில் ஏறவில்லை. தோட்ட மேலாளரான துரைக்குத் தமிழ் தெரியாது, எழுத்தர்தான் மொழிபெயர்ப்பார் என்பதையும் மறந்து ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். மேடைக் குரலில் வாசிப்பது என் நோய். "மாமியாரின் சுடுசொற்களால் நாளும் பொழுதும் வாடி வதங்கும் பேதையாகிய யான்" என்ற வரியை, அதன் ஓசையில் மயங்கி, இருமுறை வாசித்தேன்.

இரண்டாம் முறை வாசித்தபோது மழை விட்டிருந்தது.

லயத்தில் ஒரு பாத்திரமும் ஒலிக்கவில்லை. ஒருவரும் இருமவில்லை. சிறிது நேரத்தில் அம்மா உள்ளே வந்தார். அழவோ ஏசவோ இல்லை. தம் பாயை எடுத்துச் சென்று முன்புறத் திறந்த திண்ணையான இஸ்தோப்பில் விரித்தார். "எடம் வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம். ஊரக் கூட்டிக் கேட்டுருச்சு" என்று என்னிடம் கூறினார். அண்ணி என்னைப் பார்த்தார். 'அது அண்ணியின் சொல் அன்று, என் சொல்' என்று கூற அந்த நொடியே போதுமாயிருந்தது. எனக்கு நா எழவில்லை. அண்ணி கடிதத்தை வாங்கி மடித்து அடுப்பில் இட்டார். தொங்கக் காம்பரா வேறொருவருக்குப் போயிற்று.

அதன்பின் கோழி ஏச்சு வாங்கவில்லை. ஒரு முழத் தொலைவில் அமர்ந்திருக்கும் அண்ணிக்கு, "உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்லு" என்று அம்மா என்னிடமே சொல்வார். நான் திரும்பிச் சொல்வேன். பத்தடி அறையில் இரு பெண்களின் மௌனத்தைச் சுமப்பது தபாற்காரன் பணியினும் கடிது. ஆண்டுகள் பல அவ்வாறே கழிந்தன. அம்மா இறக்கும்வரை, அது யார் சொல் என்று நானும் வாய் திறக்கவில்லை. அண்ணியும் திறக்கவில்லை.

இப்போது அண்ணன் அண்ணியோடு நானும் வேறோர் இடத்தில் புதிய வீட்டில் இருக்கின்றேன். சுவர்கள் மேல்தளம்வரை எழுந்து முட்டுகின்றன. அறைக்கு அறை கதவு. நேற்றுச் சன்னலருகே நின்ற அண்ணி, "மழ பெய்யுது போல தம்பி. சத்தமே இல்ல" என்றார். ஆம் என்றேன். மழைக்கெனச் சேமித்து வைக்க எங்களிடமும் எதுவும் இல்லை.

முனியம்மா பூனாகலைப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவரோ அன்று அந்த லயத்தில் இருந்த பிறரோ இதனைப் படிக்க நேர்ந்தால், சுவரின் உயரத்திலோ கடிதத்தின் வாசகத்திலோ நான் பிழைபட்டிருப்பின் திருத்தி உதவுக. அன்று நீங்கள் செவியுற்றதில் இருந்த பிழையை நான் திருத்திவிடுகின்றேன்: அண்ணி கேட்டது ஓர் அறை மட்டுமே. சுடுசொல் என்பது என் சொல்.