இரண்டாவது தலையணை உறை

கடைக்குப் போகிறவர்கள் பையைத் தாங்களே கொண்டுபோக வேண்டும், பொலித்தீன் பையைச் சும்மா கொடுத்துப் பழக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. நல்ல விஷயம்தான். மண்ணுக்கு நல்லது, மாட்டுக்கு நல்லது. ஆனால் அது வீட்டில் பை இருக்கிறவர்களுடைய கதை. பை இல்லாமல் நான் உருத்திரபுரத்தில் ஒரு மாரிகாலத்தைக் கழித்திருக்கிறேன். ஒரு சொப்பிங் பைக்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்பீர்கள். புலம்பல்தான், கேளுங்கள்.

சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து நானும் கணவரும் இடம்பெயர்ந்து வந்து, ஒரு தென்னங்காணியின் மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வந்த எட்டாம் மாதம் மலேரியா அவரைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீடு முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, நிவாரணச் சாமான் கொடுக்கிற சங்கக்கடையில் எங்கள் நிவாரண அட்டையை வாங்கி, அவருடைய பெயரைச் சிவப்பு மையால் வெட்டித் திருப்பித் தந்தார்கள். ஒரே ஒரு பெயர் உள்ள அட்டையை வரிசையில் நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொட்டிலில் இரண்டு தலையணைகள் இருந்தன. அவருடைய தலையணை உறையை நான் தோய்க்கவில்லை. அவர் தலைக்குத் தேங்காயெண்ணெயை அள்ளி வைக்கிற மனுசன். உறையின் நடுவில் அந்த எண்ணெய் ஊறி ஒரு மஞ்சள் வட்டம் விழுந்திருந்தது. அதில் எண்ணெய் மணமும் சுருட்டு மணமும் சேர்ந்து இருக்கும். காலையில் பாயைச் சுற்றி வைக்கும்போது முகத்தை அதில் ஒரு தரம் வைத்து எடுப்பேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் இருக்க என்னால் முடியும். படங்களெல்லாம் யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டன. அவரென்று என்னிடம் மிஞ்சியது அந்த மணம் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கக்கடைக் கதவில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டார்கள்: 'பை தரப்படமாட்டாது.' பாதையில் தடை போட்டதால் பொலித்தீன் வருவது நின்றுவிட்டதாம். அதுவரை மா, சீனி, பருப்பு எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் கட்டித் தந்தவர்கள், இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேப்பரில் சுற்றித் தரவும் பேப்பர் இல்லை. என்ன கோதாரியடா இது என்று வரிசையில் நின்றபடியே சத்தமாகச் சொன்னேன். நிறுக்கிறவர் காதில் விழாதது மாதிரி இருந்தார்.

குடும்பமாக இருந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். ஒரு பிள்ளை வாளி தூக்கும், ஒரு பிள்ளை சட்டி தூக்கும், இன்னொன்று புத்தகப்பையைக் காலி பண்ணிக்கொண்டு வரும். எனக்கு இருந்தது இரண்டு கை. பன்புல்லில் இழைத்த பன்பை ஒன்று வைத்திருந்தேன். ஆனால் சீனியை அதில் கொட்டினால் ஓட்டைகளால் ஒழுகி வழிநெடுக எறும்புக்குத் திருவிழா. அதனால் அரிசியைப் பன்பையிலும் மாவைச் சின்னச் சட்டியிலும் வாங்கினேன். என் தலையணை உறையைக் கழற்றி அதில் பருப்பைப் போட்டேன். சீனிக்கு ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தேன்.

பாதி வழியில் மழை பிடித்தது. கொட்டிலுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தால் சீனி இல்லை, கரைந்துபோன பாணிதான் இருந்தது. சேலை காலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மாதச் சீனி! விசர் பிடித்தவள் மாதிரி வாசலில் நின்று சங்கக்கடையையும் மழையையும் சேர்த்துத் திட்டினேன்.

பக்கத்துக் கொட்டில்காரி ஓடி வந்தாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தவள், வேதக்காரப் பெண், நல்ல மனசு. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏனக்கா இப்பிடி அந்தரப்படுறியள்? அங்க இன்னொரு தலகணி கிடக்குதெல்லே? அந்த உறையைக் கழட்டினால் அருமையான பை."

"உன்ர வேலையைப் பார்," என்றேன்.

அவள் முகம் சுருங்கிப் போனது. அவளுக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஐம்பது வயதுப் பொம்பிளை புருசனுடைய தலையணையை மணந்துகொண்டிருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டேன். அது என் பிழைதான்.

அடுத்த நிவாரணத்துக்கு இரண்டு நாள் முன்பு எனக்குக் காய்ச்சல் பிடித்தது. அவரைக் கொண்டுபோன அதே நடுக்கம். போவதென்றால் போகட்டும் என்றுதான் கிடந்தேன். அவள் விட்டால்தானே? கஞ்சி கொண்டுவந்து பருக்கினாள், நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். "அக்கா, அட்டையைத் தாங்கோ, உங்கட சாமானையும் நானே எடுத்து வாறன்," என்றாள். தலைமாட்டில் இருந்த அட்டையைக் காட்டினேன். அவள் கொட்டிலுக்குள் வருவதும் போவதும் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

நிவாரணம் கொடுத்த அன்று பின்னேரம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. எழுந்து குந்தியிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு வந்து வெள்ளை மூட்டை ஒன்றை என் மடியில் வைத்தாள்.

"பாருங்கோ அக்கா, ஒரு குறுணி சிந்தேல்லை."

முழுச் சீனியும் இருந்தது. அவருடைய உறைக்குள். திரும்பிப் பார்த்தேன். அவருடைய தலையணை பஞ்சு தெரிய மொட்டையாகக் கிடந்தது.

"தோய்ச்சனியோ?" என்று கேட்டேன்.

"பின்ன, ஊத்தையோட சீனி போடுறதே? பிள்ளையளுக்கெண்டு ஒரு துண்டுச் சவுக்காரம் வைச்சிருந்தனான். எண்ணெய்ப் பிசுக்கு லேசில போகேல்லை அக்கா, மூண்டு தரம் தோய்ச்சனான். இப்ப பாருங்கோ, புதுசு மாதிரி."

அந்த நாட்களில் சவர்க்காரம் கண்ணால் காண்பதற்கே கிடைக்காது. சனம் சாம்பலாலும் பனங்காய்ச் சாற்றாலும் தோய்த்த காலம். அவள் தன் பிள்ளைகளின் தலைக்கு வைத்திருந்த சவர்க்காரத்தை எனக்காகக் கரைத்திருந்தாள். அவள் கைகளைப் பார்த்தேன். உரஞ்சி உரஞ்சி விரல் நுனியெல்லாம் தோல் வெளிறியிருந்தது. நான் ஊரறிந்த வாய்க்காரி. எத்தனை பேரை நார்நாராகக் கிழித்திருக்கிறேன். 

"பெரிய உபகாரம், பிள்ளை," என்றேன்.

அவளுக்குச் சந்தோசம். போன முறை ஏசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள். அவள் போன பிறகு சீனியைத் தகர ரின்னில் கொட்டிவிட்டு, உறையை உட்புறமாகத் திருப்பி முகத்தை வைத்தேன். சவர்க்காரம். மூலையில், தையலுக்குள், எங்கேயாவது ஒரு துளி இருக்கும் என்று விரலால் விரித்து விரித்து மணந்தேன். சவர்க்காரமும் சீனியும்தான் மணத்தன. அவர் செத்த அன்று அழாத அழுகையை அன்றைக்கு அழுதேன். காய்ச்சல் திரும்பிவிட்டதாக்கும் என்று அவள் மறுபடி கஞ்சியோடு ஓடி வந்தாள்.

அடுத்த முறை அந்த உறையோடு நானே சங்கக்கடைக்குப் போனேன். இனி அதை எதற்கு வீட்டில் வைத்திருப்பது? நிறுக்கிறவர் அதை வாங்கி இழுத்துப் பார்த்தார்.

"இப்பத்தான் அக்கா ஒழுங்கான பை கொண்டந்திருக்கிறியள்," என்றார்.

"ஓம்," என்று சொல்லி, இரண்டு கையாலும் அதன் வாயை விரித்துப் பிடித்தேன். அவர் சீனியைக் கொட்டினார்.